கால்நடை மருத்துவமனைப் பதிவேடுகளைக் கொண்டு நாய், பூனை நோய்களை ஆராய முடியுமா?

முதுகலைக் கால்நடை மருத்துவம் படிக்கும் ஒருவர், தம் கல்லூரி மருத்துவமனையின் பழைய கேஸ் ஷீட்டுகளை வைத்து ஆய்வேடு எழுதும் எண்ணத்தோடு இப்படிக் கேட்டிருக்கிறார்: "மருத்துவமனைகளில் அன்றாடம் எழுதப்படும் பதிவுகளைத் திரட்டி நாய், பூனைகளின் நோய்களைப் பற்றி நம்பத்தக்க முடிவுக்கு வர முடியுமா? பிரிட்டனில் ஃபிரெஞ்ச் புல்டாக் இனத்தின் ஆயுள் நான்கரை ஆண்டு என்று ஓர் ஆய்வு சொல்கிறது. ஏறத்தாழப் பத்து ஆண்டு என்று இன்னொன்று சொல்கிறது. இரண்டும் பெரிய ஆய்வுகள். எதை நம்புவது?"

முடியும் என்பதே என் பதில். ஆனால் கேஸ் ஷீட் ஆய்வாளருக்காக எழுதப்படுவதில்லை. நாளை அந்த நாயைப் பார்க்கப்போகும் மருத்துவருக்காகவும், பில் போடுவதற்காகவும், பின்னால் புகார் எழுந்தால் எடுத்துக் காட்டுவதற்காகவும் அது எழுதப்படுகிறது. ஆகவே ஒவ்வொரு பதிவின் முன்னும் இரண்டு கேள்விகளோடு உட்கார வேண்டும்: இந்த வரி ஏன் எழுதப்பட்டது, யாரைப் பற்றிய வரி எழுதப்படாமலே போயிற்று? பின்னத்தில் மேலே நிற்பது தொகுதி, கீழே நிற்பது பகுதி என்று பள்ளியில் படித்திருக்கிறோம். நோயாய்வில் தொகுதியை எண்ணுவதற்குப் பொறுமை இருந்தால் போதும். பகுதியில் யார் யார் நிற்கிறார்கள் என்று அறிவதற்குத்தான் அறிவும் நேர்மையும் வேண்டியிருக்கின்றன. தாங்கள் குறிப்பிட்ட முரண்பாடும் பகுதியில் பிறந்ததுதான். அதற்கு வருமுன், இந்த ஆய்வு முறை எங்கிருந்து வந்தது என்பதைச் சிறிது சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் பதிவுகளை ஒரே இடத்தில் சேர்க்கும் தரவுத்தளம் 1964-இல், தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் முன்முயற்சியால் தொடங்கியது. மனிதர்களுக்கு வரும் புற்றுநோய்களைப் புரிந்துகொள்ள, நம்மோடு ஒரே வீட்டில் ஒரே காற்றைச் சுவாசித்து வாழும் நாய்கள் உதவும் என்பது அதன் பின்னிருந்த எண்ணம். மிக நல்ல எண்ணம்தான். ஆனால் கல்லூரி மருத்துவமனைக்கு வருபவை பெரும்பாலும் வெளியே குணமாகாமல் அனுப்பிவைக்கப்பட்ட நோயாளிகள். அங்கே அரிய நோய்கள் அடிக்கடி தென்படும். தெருமுனைக் கிளினிக்கிலேயே முடிந்துவிடும் காதுவலியும் வயிற்றுப்போக்கும் அங்கே வருவதே இல்லை. சுவீடனில் நாய்களுக்குக் காப்பீடு எடுக்கும் வழக்கம் மிகப் பரவலாக இருப்பதால், காப்பீட்டுக் கோரிக்கைகளை வைத்து அருமையான ஆய்வுகள் வந்தன. அங்கே பகுதி தெளிவாகத் தெரியும். எத்தனை நாய்கள், எந்த இனம், எத்தனை ஆண்டுகள் காப்பீட்டில் இருந்தன என்பதெல்லாம் கணக்கில் உண்டு. ஆனால் உரிமையாளர் தம் கையிலிருந்தே கட்டவேண்டிய தொகைக்கு உட்பட்ட சிறு சிகிச்சைகள் அந்தக் கணக்கில் ஏறுவதில்லை.

இந்த இடைவெளியை நிரப்ப எழுந்தவைதான் பிரிட்டனின் இரண்டு முயற்சிகள்: லண்டன் ராயல் வெட்டரினரி கல்லூரியின் வெட்காம்பஸ், லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் சாவ்ஸ்நெட். சாதாரணக் கிளினிக்குகளில் மருத்துவர் கணினியில் தட்டச்சு செய்யும் குறிப்புகளையே இரண்டும் திரட்டுகின்றன. இனம், பால், பிறந்த தேதி, எடை, கருத்தடை ஆனதா இல்லையா, கொடுத்த மருந்துகள், மருத்துவரின் குறிப்பு, இறந்திருந்தால் அந்தத் தேதி ஆகியவை வரும். உரிமையாளரின் பெயரும் முகவரியும் வருவதில்லை. வெட்காம்பஸில் இப்போது இரண்டு கோடிக்கும் மேற்பட்ட பிராணிகளின் பதிவுகள் இருக்கின்றன.

அந்தப் பெருந்திரட்டிலிருந்து 2014-இல் வெளியான ஓர் ஆய்வு, 1,48,741 நாய்களிலிருந்து குலுக்கல் முறையில் 3,884 நாய்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் பதிவுகளை வரி வரியாகப் படித்தது. மிகுதியாகக் காணப்பட்டவை வெளிக்காது அழற்சி 10.2 விழுக்காடு, பல் ஈறு நோய் 9.3 விழுக்காடு, ஆசனவாய்ச் சுரப்பி அடைப்பு 7.1 விழுக்காடு. இதில் பரபரப்பாக ஒன்றுமில்லை என்று தோன்றலாம். எனக்கோ இதுதான் இந்த முறையின் பெரிய கொடை என்று தோன்றுகிறது. பரபரப்பில்லாத அன்றாடத் தொல்லைகள்தாம் நாய்களை மிகுதியாக வாட்டுகின்றன என்பதை, பாடநூலை எழுதியவர்கள் பார்க்கக் கிடைக்காத நாய்களிடமிருந்து அறிந்துகொள்கிறோம்.

இனி, எழுதப்பட்ட வரியைப் பார்ப்போம். கணினிப் பதிவு என்றவுடன் எல்லாம் கட்டம் கட்டமாக ஒழுங்காக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதன் பெரும்பகுதி அவசரத்தில் தட்டப்பட்ட சுருக்கெழுத்து. வாந்திக்கு ஓர் எழுத்து, பேதிக்கு ஓர் எழுத்து, அதன் பக்கத்தில் கூட்டல் குறியோ கழித்தல் குறியோ இருக்கும். ஒரு மருத்துவர் எழுதும் சுருக்கத்துக்கு அடுத்த அறையில் இருப்பவர் வேறு பொருள் கொண்டிருக்கலாம். கணினியிடம் "வாந்தி" என்ற சொல்லைத் தேடச் சொன்னால், "வாந்தி இல்லை" என்று எழுதிய பதிவும் வந்து நிற்கும். "வாந்தி எடுத்தால் உடனே அழைத்து வரவும்" என்ற அறிவுரையும் வந்து நிற்கும். "சிறுநீரக நோயோ என்று ஐயம், இரத்தப் பரிசோதனை செய்க" என்ற குறிப்பு சிறுநீரக நோயாகவே எண்ணப்பட்டுவிடும். ஆகவே நல்ல ஆய்வுகளில் கணினித் தேடல் முதல் வலை மட்டுமே. அதில் சிக்கியவற்றை மனிதர் ஒருவர் படித்து, முன்கூட்டியே எழுதி வைத்த வரையறைக்குப் பொருந்துகிறதா என்று முடிவு செய்கிறார். இந்தச் சுமையைக் குறைக்க மொழிக் கணினி மாதிரிகள் வந்திருக்கின்றன. லிவர்பூல் குழுவினர் 50 கோடிக்கும் மேற்பட்ட சொற்கள் கொண்ட கால்நடை மருத்துவக் குறிப்புகளில் பழக்கி உருவாக்கிய பெட்பெர்ட் அவற்றில் ஒன்று. அத்தகைய மாதிரி ஆயிரம் மடங்கு வேகமாகப் படிக்கலாம்; மருத்துவர் எழுதாமல் விட்டதை அதனாலும் படிக்க முடியாது.

எழுதாமல் விடுவது இத்துறையில் மிக ஆழமான சிக்கல். பிரிட்டனில் 2016-ஆம் ஆண்டுப் பதிவுகளைப் படித்த ஆய்வொன்றில், உடல் பருமன் என்று குறிக்கப்பட்ட நாய்கள் சுமார் 7 விழுக்காடு. நாயைத் தொட்டுப் பார்த்து, விலாவும் இடுப்பும் எப்படி இருக்கின்றன என்று மதிப்பெண் இட்டுச் செய்த ஆய்வுகளில் இது பல மடங்கு உயர்ந்து நிற்கிறது. மருத்துவருக்குத் தெரியாமல் இல்லை. தடுப்பூசிக்கு வந்த நாயின் பருமனைப் பற்றிப் பேசி உரிமையாளரைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று விட்டிருப்பார், அல்லது எடையை மட்டும் எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பார். தட்டை முக நாய்களில் இது இன்னும் மோசம். பக் நாய் குறட்டை விட்டால் "அந்த இனத்துக்கு அது இயல்புதானே" என்று உரிமையாளரும் நினைக்கிறார், சில வேளை மருத்துவரும் நினைக்கிறார். ராயல் வெட்டரினரி கல்லூரியில் 2012-இல் வெளியான ஆய்வு ஒன்று, சுவாசப் பாதை அடைப்பின் அறிகுறிகள் அடிக்கடி தென்பட்ட நாய்களின் உரிமையாளர்களில் 58 விழுக்காட்டினர் தம் நாய்க்கு மூச்சுத் தொல்லை ஏதுமில்லை என்றே சொன்னதைக் காட்டியது. வீட்டில் நோயென்று கருதப்படாதது கிளினிக்குக்கு வராது. கிளினிக்குக்கு வராதது பதிவாகாது. 2022-இல் 4,308 பக் நாய்களை மற்ற நாய்களோடு ஒப்பிட்டபோது, இந்தச் சுவாசப் பாதை நோய் பதிவாகும் வாய்ப்பு பக் நாய்களுக்குச் சுமார் 54 மடங்கு என்று வந்தது. இவ்வளவு குறைவாகப் பதிவாகும் நோயிலேயே 54 மடங்கு என்றால் உண்மை நிலை என்ன என்று எண்ணிப் பார்க்கையில் மனம் கனக்கிறது.

இப்போது தங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன்.

வெட்காம்பஸ் பதிவுகளிலிருந்து 30,563 நாய்களின் இறப்புகளை எடுத்து, மக்கள் தொகையியலில் பயன்படும் ஆயுள் அட்டவணை முறையில் கணக்கிட்டு, 2022-இல் ஓர் ஆய்வு வெளியானது. பிறக்கும்போது எதிர்பார்க்கத்தக்க ஆயுள் எல்லா நாய்களுக்கும் சேர்த்து 11.23 ஆண்டு, ஜாக் ரஸ்ஸல் டெரியருக்கு 12.72 ஆண்டு, ஃபிரெஞ்ச் புல்டாகுக்கு 4.53 ஆண்டு என்று அது சொன்னது. கடைசி எண்தான் உலகெங்கும் செய்தியானது.

அந்த அட்டவணை இறந்த நாய்களை மட்டுமே கொண்டு கட்டப்பட்டது. அதன் விளைவு என்ன என்று பார்க்க, ஊருக்கு வெளியே ஐந்து ஆண்டுகளுக்கு முன் உருவான ஒரு புதிய குடியிருப்பை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே வந்தவர்கள் அனைவரும் இளம் தம்பதியரும் அவர்களின் குழந்தைகளும். அந்த ஐந்து ஆண்டுகளில் அங்கே இறந்தவர்களின் வயதைக் கூட்டிச் சராசரி பார்த்தால் முப்பதைத் தாண்டுவதே அரிது. அதைக் கண்டு அந்த நகர்வாசிகளின் ஆயுள் முப்பது என்று யாரும் சொல்ல மாட்டோம்; எழுபது வயதில் இறக்கக்கூடியவர் அங்கே இன்னும் ஒருவர்கூட இல்லை என்போம். ஃபிரெஞ்ச் புல்டாக் பிரிட்டனில் அப்படிப்பட்ட ஒரு புதுக் குடியிருப்பு. அதே வெட்காம்பஸ் தரவுகளில், 2003-இல் பிறந்த நாய்க்குட்டிகளில் இந்த இனம் 0.02 விழுக்காடு, 2013-இல் பிறந்தவற்றில் 1.46 விழுக்காடு. மருத்துவமனைகளுக்கு வந்த ஃபிரெஞ்ச் புல்டாகுகளின் வயதை வரிசைப்படுத்தினால் நடுவில் நின்றது 1.3 வயது. பாதி நாய்களுக்கு ஒன்றேகால் வயதுகூட ஆகவில்லை என்று ஏறத்தாழச் சொல்லலாம். இந்த நிலையில் இறந்தவற்றை மட்டும் எண்ணினால், இளமையில் இறந்தவைதான் எண்ணிக்கையில் ஏறும். இன்னும் பத்து ஆண்டு வாழப்போகும் நாய்கள் அந்தக் கணக்கில் எங்குமே இல்லை. ஆய்வு செய்தவர்கள் இந்த இனம் அண்மையில்தான் பெருகியது என்பதைத் தம் கட்டுரையிலேயே சுட்டியிருந்தார்கள். செய்தியாக்கியவர்கள் அதை விட்டுவிட்டார்கள்.

2024-இல் டாக்ஸ் டிரஸ்ட் என்ற பிரிட்டிஷ் நாய் நல அமைப்பைச் சேர்ந்த ஆய்வாளர்கள், கால்நடை மருத்துவ நிறுவனங்கள், காப்பீடு, இனப்பதிவுகள், காப்பகங்கள் என்று பதினெட்டு மூலங்களிலிருந்து 5,84,734 நாய்களின் விவரங்களைத் திரட்டினார்கள். இன்னும் உயிரோடு இருக்கும் நாய்களும் இந்தக் கணக்கில் உண்டு. "இந்த நாய் இன்ன வயதுவரை இறக்கவில்லை" என்பதும் ஒரு செய்தி என்று கொண்டு கணக்கிடும் முறை இது. இதில் நாய்களின் இடைநிலை ஆயுள், அதாவது பாதி நாய்கள் இறந்திருக்கும் வயது, 12.5 ஆண்டு, ஃபிரெஞ்ச் புல்டாகுக்கு 9.8 ஆண்டு. எதை நம்புவது என்று கேட்டிருந்தீர்கள். ஆயுளைப் பற்றிய கேள்விக்கு இரண்டாவதைத்தான் நம்புகிறேன். ஆனால் இதைச் சொல்லி, தட்டை முக நாய் வளர்ப்பவர் யாரும் நிம்மதியடைந்துவிடக் கூடாது. பிழை திருத்திய பின்பும் இந்த நாய் மற்ற நாய்களைவிட இரண்டரை ஆண்டுக்கு மேல் முன்னதாகவே இறக்கிறது. முதல் எண் மிகைப்பட்டது என்பதால் கவலையும் மிகைப்பட்டது என்று ஆகாது.

இன்னொரு முரண்பாடும் உண்டு. அது இதைவிடப் பாடம் மிகுந்தது. கலப்பின நாய்கள் தூய இன நாய்களைவிட நீண்ட நாள் வாழும் என்பது ஊரறிந்த நம்பிக்கை. 2013-இல் வந்த வெட்காம்பஸ் ஆய்வு அதை உறுதி செய்தது: கலப்பினத்துக்கு 13.1 ஆண்டு, தூய இனத்துக்கு 11.9 ஆண்டு. 2024-ஆம் ஆண்டு ஆய்விலோ தலைகீழ்: தூய இனத்துக்கு 12.7, கலப்பினத்துக்கு 12.0. இதற்கிடையில் நாய்களின் உடல் மாறிவிடவில்லை. பகுதியில் நிற்பவர்கள் மாறியிருக்கிறார்கள். இனப்பதிவுச் சங்கத்தில் பெயர் எழுதிப் பராமரிக்கப்படும் தூய இன நாயும், இணையத்தில் விளம்பரம் பார்த்து வாங்கப்பட்ட அதே இன நாயும் ஒரே வாழ்க்கை வாழ்வதில்லை. "கலப்பினம்" என்ற கட்டத்தில் முன்பு தற்செயலாகக் கலந்து பிறந்த நாய்கள் இருந்தன. இப்போது பூடிலோடு வேண்டுமென்றே கலந்து விலைக்கு விற்கப்படும் வகைகளும் அதே கட்டத்தில் இருக்கின்றன. ஒரு சொல்லுக்குள் இரண்டு வேறு கூட்டங்கள் குடியிருந்தால், அவற்றின் விகிதம் மாறும்போதெல்லாம் விடையும் மாறும். எந்த ஆய்வைப் படித்தாலும், அட்டவணைக்குப் போகுமுன் இந்தக் கட்டங்களுக்குள் யார் இருக்கிறார்கள் என்று படித்துவிடுங்கள் என்று மாணவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பதுண்டு.

பதிவுகளின் பெருந்திரள் ஒன்றே விடையளிக்கக்கூடிய கேள்விகளும் உள்ளன. தடுப்பூசிக்குப் பிறகு முகம் வீங்குதல், தடிப்பு, மயக்கம் போன்ற எதிர்விளைவுகள் அரியவை. நூறு நாய்களை வைத்து அவற்றை ஆராய இயலாது. அமெரிக்காவில் கிளைகள் பல கொண்ட பான்ஃபீல்ட் மருத்துவமனைகள் எல்லாம் ஒரே கணினிப் பதிவு முறையைப் பயன்படுத்தியதால், 2002, 2003 ஆகிய இரண்டு ஆண்டுகளில் தடுப்பூசி போடப்பட்ட 12,26,159 நாய்களின் பதிவுகள் ஒருசேரக் கிடைத்தன. ஊசி போட்ட மூன்று நாட்களுக்குள் எதிர்விளைவு பதிவானவை 4,678. அதாவது பத்தாயிரம் நாய்களுக்குச் சுமார் 38. எடை குறைந்த நாய்களில் இது மிகுந்திருந்தது. பத்து கிலோவும் அதற்குக் குறைவும் உள்ள நாய்களில், ஒரே வருகையில் போடப்படும் ஒவ்வொரு கூடுதல் ஊசிக்கும் ஆபத்து 27 விழுக்காடு கூடியது. மிகச் சிறிய சிவாவாவுக்கும் பெரிய லாப்ரடாருக்கும் அதே ஒரு மில்லி ஊசியையே போடுகிறோம் என்பதை எண்ணினால் இதன் காரணம் ஓரளவு புலப்படும். சிறிய நாய்க்கு எல்லா ஊசிகளையும் ஒரே நாளில் போடுவதா, பிரித்துப் போடுவதா என்று உரிமையாளரோடு பேசி முடிவு செய்ய மருத்துவருக்கு ஓர் அளவுகோல் இதிலிருந்து கிடைத்தது. இங்கும் குறை உண்டு. வீட்டிலேயே வீங்கி வீட்டிலேயே வடிந்தவையும், வேறு மருத்துவமனைக்கு ஓடியவையும் கணக்கில் வரவில்லை. ஆயினும் சிறிய நாய்களில் ஆபத்து கூடுதல் என்ற ஒப்பீட்டை, எல்லா எடை நாய்களிலும் இந்தக் குறை ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும்வரை, அது கெடுக்காது.

வேகம் இன்னொரு பலன். 2020 ஜனவரியில் இங்கிலாந்தின் வடமேற்கில் கால்நடை மருத்துவர் ஒருவர், தம்மிடம் கடும் வாந்தியோடு வரும் நாய்கள் வழக்கத்துக்கு மாறாகப் பெருகுவதைக் கண்டு மற்ற மருத்துவர்களிடம் விசாரித்தார். இத்தகைய ஐயம் எல்லா மருத்துவர்களுக்கும் அவ்வப்போது எழுவதுதான். பெரும்பாலும் அது தற்செயலாகவே முடியும். சாவ்ஸ்நெட் முறையில், ஒவ்வொரு நோயாளியையும் பார்த்து முடித்தவுடன், வந்ததன் முதன்மைக் காரணம் என்ன என்று மருத்துவர் ஒரு சிறு பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தால்தான் பதிவு முடியும். வயிற்றுக் கோளாறு, மூச்சுத் தொல்லை, அரிப்பு, தடுப்பூசி என்று அந்தப் பட்டியல் போகும். இந்தப் பதிவுகள் ஆண்டுக்கணக்கில் சேர்ந்திருந்ததால், குளிர்காலத்தில் வயிற்றுக் கோளாறு வழக்கமாக எவ்வளவு உயரும், இந்த ஆண்டு அதைத் தாண்டியிருக்கிறதா என்பதை உடனே ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. தாண்டியிருந்தது. நோயுற்ற நாய்களிடமிருந்தும் நலமான நாய்களிடமிருந்தும் மாதிரிகள் எடுத்துச் சோதித்தபோது, நாய்க் குடல் கொரோனா வைரஸ் நோயுற்றவற்றில் தெளிவாக மிகுந்திருந்தது. மனிதரிடையே அந்த ஆண்டு பரவிய கோவிட் நோயின் வைரஸ் வேறு, இது வேறு. பெரும்பாலான நாய்கள் சில நாட்களில் தேறிவிட்டன. கவனமுள்ள ஒரு மருத்துவரின் மனக்குறிப்பை ஒரு நாட்டின் கணக்காக மாற்றித் தந்தது அந்தச் சிறு பட்டியல்தான். பதிவேடுகளால் விளைந்த நன்மைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுவே.

காரணத்தை நிறுவுவது இவற்றையெல்லாம்விடக் கடினம். கருத்தடை செய்த நாய்கள் நீண்ட நாள் வாழ்கின்றன என்று பதிவுகள் காட்டும்போது, கருத்தடை செய்யும் வயதுவரை உயிரோடு இருந்த நாய்க்குத்தான் கருத்தடை செய்ய முடியும் என்பதை மறந்துவிடக் கூடாது. இரண்டு மாதத்தில் பார்வோ என்ற வைரஸ் தாக்கி இறந்த குட்டி, கருத்தடை செய்யாத கூட்டத்தில்தான் எண்ணப்படும். அதோடு, பணம் செலவழித்துக் கருத்தடை செய்யும் குடும்பம் மற்ற வகைகளிலும் நாயைக் கவனித்துக்கொள்ளும் குடும்பமாக இருக்கலாம். இதைச் சமாளிக்க, நாய்களைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒரு சோதனை நடத்தியிருந்தால் அதன் விதிகள் எப்படி இருந்திருக்குமோ அவற்றை முதலில் எழுதிக்கொண்டு, அந்த விதிகளின்படியே பழைய பதிவுகளை அடுக்கும் முறை இப்போது கையாளப்படுகிறது. 2024-இல் வந்த ஓர் ஆய்வு இம்முறையில், பெண் நாய்களுக்கு ஏழு மாதத்துக்கு முன் கருத்தடை செய்வதையும் ஏழு முதல் பதினெட்டு மாதத்துக்குள் செய்வதையும் ஒப்பிட்டது. பிந்திச் செய்தவற்றில் இளவயதிலேயே தொடங்கும் சிறுநீர்க் கசிவின் வாய்ப்பு சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. உண்மையான குலுக்கல் சோதனையையும் பதிவுகளின் மேல் நடத்தலாம். லிவர்பூல் குழு, மிக முக்கியமான நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளை அளவுக்கு மீறி எழுதிய அறுபது கிளினிக்குகளைக் குலுக்கிப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு அவர்களின் மருந்துப் பழக்கத்தை மற்றவர்களோடு ஒப்பிட்டுக் காட்டி, கூடவே கலந்தாய்வும் நடத்தியது. அந்தப் பிரிவில் அம்மருந்துகளின் பயன்பாடு நாய்களில் 23.5 விழுக்காடும் பூனைகளில் 39 விழுக்காடும் குறைந்தது.

இனி தங்கள் ஆய்வேடு. கல்லூரி மருத்துவமனையின் பதிவுகளை வைத்துத் தாங்கள் செய்யப் போகும் ஆய்வில், நான் மேலே சொன்ன அனுப்பிவைக்கப்பட்ட நோயாளிச் சிக்கல் முழு வலுவோடு இருக்கும். உண்ணிக் காய்ச்சல் என்று ஐயுற்று இரத்தம் சோதிக்கப்பட்ட நாய்களில் இத்தனை விழுக்காட்டுக்கு, உண்ணி பரப்பும் எர்லிகியா என்ற நுண்ணுயிர் இருந்தது என்று கண்டால், அது சோதிக்கப்பட்ட நாய்களைப் பற்றிய உண்மை மட்டுமே. அந்த எண்ணை எடுத்து "சென்னை நாய்களில் எர்லிகியா பரவல்" என்று தலைப்பிடாதீர்கள். நம் ஆய்வேடுகளில் மிக அடிக்கடி காணும் தவறு இது. தலைப்பில் ஒரு சொல்லை மாற்றினாலே அகன்றுவிடும் தவறும் இதுதான்.

பதிவுகளைத் திறக்குமுன் நோயின் வரையறையை ஒரு தாளில் எழுதி, தேதியிட்டு, வழிகாட்டியிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். படிக்கப் படிக்க வரையறையை வளைக்கும் ஆசை எல்லாருக்கும் வரும். பிறகு இருநூறு கேஸ் ஷீட்டுகளைத் தாங்களும் நண்பர் ஒருவரும் தனித்தனியே படித்து, எத்தனை இடத்தில் முடிவு ஒத்துப்போகிறது என்று பாருங்கள். ஒத்துப்போகாத இடங்களில் குறை பெரும்பாலும் வரையறையில்தான் இருக்கும். ஒவ்வொரு வருகைக்கும் புதிய ஓ.பி. எண் கொடுக்கும் வழக்கம் தங்கள் மருத்துவமனையில் இருந்தால், ஒரே நாய் நான்கு நாயாக எண்ணப்படும் ஆபத்து உண்டு. மாடுகளுக்குப் பன்னிரண்டு இலக்கக் காதுத் தோடு எண் இருப்பதுபோல் எல்லா நாய்க்கும் ஓர் எண் இங்கே இல்லை. பிரிட்டனில் 2016 முதல் நாய்களுக்கு மைக்ரோசிப் கட்டாயம். நமக்குக் கிடைப்பது உரிமையாளரின் கைப்பேசி எண்ணும் நாயின் பெயரும்தான். மணி, டைகர், ரோஸி என்று ஒரே பெயரில் நூறு நாய்கள் வரும். எண்ணையும் பெயரையும் இனத்தையும் வயதையும் சேர்த்துப் பொருத்திப் பார்த்து, நாயை அடையாளம் கண்ட பிறகு, கைப்பேசி எண்ணை நீக்கிவிட்டு வேறோர் எண் இட்ட பிரதியை மட்டும் ஆய்வுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாயின் நோய் தனிநபர் தகவல் அன்று. அதை அழைத்து வந்தவரின் பெயரும் எண்ணும் தனிநபர் தகவல்தான்.

இனத்தின் கட்டத்தையும் கவனியுங்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய நம் இனங்கள் பல ஷீட்டுகளில் வெறுமனே நாட்டு நாய் என்று எழுதப்பட்டிருந்தால், ராஜபாளையத்தில் அறியப்பட்ட பிறவிச் செவிடு போன்றவற்றை அந்தப் பதிவுகளிலிருந்து ஒருநாளும் ஆராய முடியாது. பழைய ஷீட்டுகளுக்கு ஒன்றும் செய்ய இயலாது. இனி எழுதப்படும் ஷீட்டுகளில் இனத்தின் பெயரை முழுமையாகக் கேட்டு எழுத ஏற்பாடு செய்தால், தங்களுக்குப் பின் வரும் மாணவருக்குப் பயன்படும்.

பிரிட்டிஷ் ஆய்வுகளில் இல்லாத ஒரு கூட்டம் தங்கள் பதிவுகளில் இருக்கும்: தன்னார்வலர்கள் தூக்கி வரும் தெரு நாய்கள். வெட்காம்பஸ் முறையில் ஓர் ஆண்டில் ஒரு நாய் மருத்துவக் கவனிப்பில் இருந்ததாகக் கொள்ள, அந்த ஆண்டில் ஒரு பதிவாவது இருக்க வேண்டும், அல்லது அதற்கு முன்னும் பின்னும் பதிவு இருக்க வேண்டும். தெரு நாய்க்கு ஒரே ஒரு பதிவுதான் இருக்கும். மறுமுறை வராததற்குக் காரணம் குணமானதா, இறந்ததா, வேறு தெருவுக்குப் போனதா என்று அறிய வழியில்லை. வயதும் பல்லைப் பார்த்துச் சொன்ன மதிப்பீடுதான். எனவே அவற்றுக்குத் தனிக் குறியிட்டு வையுங்கள். ஆயுள், மறுபடி நோய் வருதல், சிகிச்சைப் பலன் ஆகிய கணக்குகளில் சேர்க்காமல், வந்த நாளன்று இருந்த நோயைப் பற்றிய கணக்கில் மட்டும், அதுவும் வீட்டு நாய்களோடு கலக்காமல் தனி வரிசையில் காட்டுங்கள்.